களவு போகாத இறைப்பு மிசின்

பொலிசுக்கு முறைப்பாடு சொல்வதையே தொழிலாகச் செய்தவன் இந்த யாழ்ப்பாணத்தில் நான் ஒருவன்தான். முறைப்பாடு பொய். பொலிசும் பொய். சம்பளமாகக் குடித்த பிளேன்ரீயும் தின்ற பணிசும் மட்டும் உண்மை.

நீங்களும் ஒரு காலத்தில் பொலிஸ் ஸ்ரேசன் வாங்குப் பலகையில் குந்தியிருந்து, "இரும், இரும், கூப்பிடுவம்" என்று கேட்டுக் கேட்டுக் கால் மரத்துப்போனவர்கள்தானே. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். என்னிடம் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. உடுப்பிட்டி ஆள் ஒருவரை முழுசாக ஏமாற்றிய கதை. ஆனால் இப்போது தரமாட்டேன். அது உள்ளே பெரியவரின் மேசையில் கிடக்கிறது. நீங்கள் வாங்கில் இருங்கள். கூப்பிடுவேன்.

வகுப்பைக் கலைத்ததற்குக் கிடைத்த வேலை

எங்கள் வீடு கொக்குவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட. அடுத்த வளவு சாமுவேல் மாஸ்ரருடையது. உண்மையில் அவர் மாஸ்ரர் இல்லை, இளைப்பாறிய இன்ஸ்பெக்ரர். மாகாண சபை வந்து, மாகாணத்துக்கென்று தனிப் பொலிஸ் வரப்போகிறது, தமிழ்ப் பெடியளை எடுத்துப் பயிற்சி கொடுக்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்டவுடனேயே, தன் வளவுக் கொட்டிலில் ஒரு வகுப்பைத் தொடங்கிவிட்டார். அன்றையிலிருந்து ஊருக்கு அவர் மாஸ்ரர்.

ஒருநாள் பின்னேரம் அவர் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அவருடைய குரலை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் வேதம் வாசித்துப் பழகிய குரல், இரண்டு சொல்லுக்கு ஒரு செருமல். "இண்டைக்கு... க்ஹும்... காணும். எல்லாரும்... க்ஹும்... வீட்டை போங்கோ." முகம் கழுவிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது வாங்குகள் மட்டும் இருந்தன. ஒரு சைக்கிள்கூட இல்லை.

பொழுது படமுதல் மனுசன் எங்கள் படலையில் நின்றார். இளைப்பாறினாலும் பொலிஸ் பொலிஸ்தானே, அம்மா நடுங்கிப்போனா. "கோதாரி, என்னத்தைச் செய்து துலைச்சவன் ஐயா?" மாஸ்ரர் என்னை முன்னால் நிறுத்தி, வேறு யாரையெல்லாம் செய்யத் தெரியும் என்று கேட்டார். மினிவான் கொண்டக்ரரைச் செய்தேன். திருவிழாவில் காணாமல்போன பிள்ளையை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவரைச் செய்தேன். சங்கக்கடை வரிசையில் சீனிக்குச் சண்டை பிடிக்கும் இரண்டு பெண்களையும் ஒரே மூச்சில் செய்தேன். அவர் சிரிக்கவே இல்லை. கடைசியில் சொன்னார்: "உன்ரை வாய்க்குள்ளை பத்துப் பேர் இருக்கினம். பத்துப் பேரையும் நாளைக்கு என்ரை ஸ்ரேசனுக்குக் கூட்டிக்கொண்டு வா."

சட்டம் வாசித்த நாள்

எனக்கு ஏன் வேலை கிடைத்தது என்று அடுத்த நாள் விளங்கியது. மாஸ்ரர் கையில் பொலிஸ் பயிற்சிச் சட்டமூலத்தின் பிரதி ஒன்று இருந்தது. எங்கிருந்தோ எடுத்துவிட்டார். அதையும் வேதம் மாதிரியே வாசித்தார். பழைய பயிற்சி என்றால் தெற்கே எங்கேயோ கொண்டுபோய், விளங்காத பாசையில் லெப்ற் றைற் போடவைத்து, துவக்குப் பிடித்துச் சுடச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது. புதிய சட்டத்தில் பயிற்சி தமிழில். முறைப்பாடு எழுதப் பழக வேண்டும். சனத்தோடு மரியாதையாகக் கதைக்கப் பழக வேண்டும். பயிற்சிக்காலம் முழுக்கக் கொடுப்பனவு உண்டு, அதற்கு மாகாணம் காசு ஒதுக்கும். முறைப்பாடு எழுதப் பழகுவதற்கு முறைப்பாட்டுக்காரன் ஒருவன் வேண்டுமே, அதுதான் நான்.

பெடியள் சட்டத்தைத் தங்களுக்குத் தேவையான இடத்தில் பிடித்தார்கள். இணுவில் யோகன் கையை உயர்த்தி, சப்பாத்தும் சட்டத்துக்குள் அடங்குமா, இல்லாவிட்டால் செருப்போடுதான் கள்ளனைத் துரத்த வேண்டுமா என்று கேட்டான். பின்வாங்கில் இருந்த தவராசா அண்ணை மட்டும், இது எப்போது நிறைவேறும் என்று கேட்டார். அவர் உடுப்பிட்டி ஆள். தகப்பனோடு தோட்டம் செய்துகொண்டு, வல்லைவெளிக் காற்றுக்கு முகம் கொடுத்துச் சைக்கிள் உழக்கி வகுப்புக்கு வருகிறவர். பொலிசில் சேரும் வயசெல்லை அவருக்கு அந்த வருசத்தோடு முடிகிறது. "எல்லாம் மெல்ல மெல்ல ஆறுதலாய் வரும்" என்றார் மாஸ்ரர். தவராசா அண்ணை எழும்பி நின்றார். "சட்டம் ஆறுதலாய் வரட்டும் சேர். எனக்கு வயசு ஓடி வருகுது."

எத்தனையாம் பிரிவு?

சட்டம் நிறைவேறமுதலே அதைப் பாவிக்கத் தொடங்கியது யோகனின் தகப்பன்தான். ஒருநாள் வெற்றிலைச் சரையோடு மாஸ்ரரிடம் வந்தார். மகனுக்கு ஒரு சம்பந்தம் பேசுகிறாராம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண் வீட்டார் கேட்க, பொலிஸ் என்று சொல்லிவிட்டாராம். பொலிஸ் எங்கே இருக்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம்.

மாஸ்ரர் சட்டமூலத்தை விரித்துக் காட்டி, பயிற்சியின்போது கொடுப்பனவு உண்டு, ஆனால் சபை நிறைவேற்ற வேண்டும், காசு ஒதுக்க வேண்டும், அதற்குப் பிறகு ஆள் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். தகப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழும்பும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார்: "அதெல்லாம் சரி, அந்தக் கொடுப்பனவு எத்தினையாம் பிரிவிலை இருக்கு எண்டு மட்டும் ஒரு துண்டிலை எழுதித் தாங்கோ, பொம்பிளை வீட்டிலை காட்டவேணும்."

மரியாதையாய்ப் பிடித்தல்

புதிய சட்டப்படி பொலிஸ் யாரையும் "டேய்" என்று கூப்பிடக்கூடாது. ஆராயிருந்தாலும் "நீங்கள்". இதைப் பழக்குவதற்காக ஒருநாள் நான் மரவள்ளிக் கள்ளன். குடித்த வாய், இழுத்த சொல். யோகன் பொலிஸ். கொட்டிலைச் சுற்றி ஓடு என்று மாஸ்ரர் சொன்னார், ஓடினேன். யோகன் பின்னால் ஓடினான். "டே" என்று வாயைத் திறப்பான், மாஸ்ரர் செருமுவார், வாயை மூடுவான். வாயை மூடும்போதெல்லாம் காலும் தளரும், நான் தப்பிவிடுவேன். கடைசியில் வாழையடியில் மூச்சு வாங்க நின்று கையெடுத்துக் கும்பிட்டான்: "கள்ளர் அண்ணை, தயவுசெய்து நில்லுங்கோ, நான் உங்களை மரியாதையாய்த்தான் பிடிக்கப்போறன்!"

எவடம், ஆற்றை ஆள்?

சிரித்திருந்தால் மன்னிக்கவும், நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. இன்னும் வாங்கிலேயே இருங்கள்.

சட்டமூலத்தில் ஒரு பிரிவு எங்கள் பெடியளுக்குப் பெரிய கண்டமாக இருந்தது. முறைப்பாட்டாளரின் பெயரையும் முகவரியையும் எழுதலாம். குடும்பம், உறவு, சாதி ஒன்றையும் விசாரிக்கக்கூடாது. ஆரிடம் வந்து சொல்கிறார்கள்! படலையில் பிச்சைக்கு வந்தவனிடம்கூட "எவடம், ஆற்றை ஆள்?" என்று, எந்த இடம், யார் வீட்டு ஆள் என்று, கேட்டுவிட்டுத்தானே அரிசி போடுகிறோம். அந்தக் கேள்விக்குள் ஒளித்திருக்கும் மற்றக் கேள்வியும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் சட்டத்தில் போட்டிருக்கிறார்கள் என்றார் மாஸ்ரர்.

நான் கோழி பறிகொடுத்த இணுவில்காரனாக வந்து வாங்கில் இருந்தேன். மேசையில் யோகன். பெயர் கேட்டான், முகவரி கேட்டான். அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"இணுவிலிலை எவடம்?"

"கோயில் பின்வீதி."

"பின்வீதியிலை ஆற்றை ஆள்?"

"கந்தையாவின்ரை மருமகன்."

"எந்தக் கந்தையா? புகையிலைக் கந்தையாவோ, பல்லுக் கந்தையாவோ?"

வாய்க்கு வந்தபடி "பல்லு" என்றேன். "அட, அப்ப எங்கடை பெரியம்மாவின்ரை சம்பந்தியெல்லே!" என்று யோகன் பேனையை மூடிவைத்துவிட்டு எழும்பி வந்து என் கையைப் பிடித்தான். என் மாமன் என்று நான் சொன்னது ஒரு பொய்க் கந்தையாவை. அதற்குள்ளும் அவன் சொந்தம் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு பேரும் கோழியை மறந்துபோனோம். மாஸ்ரர் மேசையில் அடித்த அடியில் அவருக்கே மரியாதை மறந்துபோனது: "முறைப்பாடு எழுதடா எண்டா நீ கலியாணம் பேசிறாய்!"

பலகை

வளவு வாசலில் மாஸ்ரர் ஒரு பலகை தொங்கவிட்டிருந்தார். "பொலிஸ்" என்பது பெரிய எழுத்தில், "பயிற்சி வகுப்பு" என்பது சின்ன எழுத்தில். அந்த நாளில் ஆமிக்காரரின் சென்றிக் காவல் சந்திக்குச் சந்தி இருந்தது. ஆனால் கிணற்றடி வாளி களவு போனதைச் சொல்ல வருசக்கணக்காக ஒரு இடமும் இல்லை. அதனால் சின்ன எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. ஒருநாள் ஒரு வயசாளி கயிற்றில் ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு ஆடு தன் வேலியைத் தின்றுவிட்டதாம், அடைத்துவைக்கட்டாம். இது வகுப்பு, பொலிஸ் இன்னும் வரவில்லை, முதலில் சட்டம் வரவேண்டும் என்று மாஸ்ரர் பொறுமையாகச் சொன்னார். அவரும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆட்டைத் தூணில் கட்டினார். "சரி ஐயா, சட்டம் வருமட்டும் ஆடு இஞ்சை நிக்கட்டும்."

மறைப்புக்குப் பின்னால்

அந்த ஆட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. பெண்கள் முகம் காட்டாமல் முறைப்பாடு சொல்ல வசதி வேண்டும் என்றும் சட்டமூலத்தில் இருந்ததால், கொட்டில் மூலையில் மாஸ்ரர் தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டியிருந்தார். தவராசா அண்ணை வகுப்பு முடிந்த பிறகும் தனிய இருந்து படிப்பார். போய்க் காதுக்குள் சொன்னேன்: "அண்ணை, உண்மையான முறைப்பாடு ஒண்டு. பலகையைப் பாத்து ஒரு அக்கா வந்திருக்கிறா. உங்கடை ஊராம். ஆருக்கும் சொல்ல வேண்டாமாம், மறைப்புக்குப் பின்னாலை இருந்துதான் கதைப்பாவாம்." சொல்லிவிட்டு வெளியே போய், பின்பக்க வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து மறைப்புக்குப் பின்னால் குந்தினேன்.

உடுப்பிட்டி அம்மா பிறந்த ஊர், எனக்கு இடம் வலம் தெரியும். குரலுக்கும் தூரம் போகவில்லை, நாளும் காதில் விழுகிற ஒரு குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கி எடுத்தேன். பெயர் பொன்னம்மா. தோட்டக் கிணற்றடியில் நின்ற இறைப்பு மிசினைக் கோதாரி விழுவார் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீல மிசின். எண்ணெய் மூடி துலைந்து, சாரத்துண்டால் கட்டியது.

தவராசா அண்ணை எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பேசாமல் இருந்தார். எவடம் என்று கேட்பார் என்று பார்த்தேன், கேட்கவில்லை. ஆற்றை ஆள் என்று கேட்பார் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. நீங்களும் இந்த ஊர்ச் சனம்தான், சொல்லுங்கள்: ஒருவர் உங்கள் பெயரைக் கேட்டுவிட்டு, ஆற்றை ஆள் என்று கேட்காமல் உங்கள் அடுத்த சொல்லுக்குக் காத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? எனக்கு நாக்கு அரித்தது. "எங்கடை பெரியண்ணை சங்கக்கடை மனேச்சர்" என்றேன். சத்தம் இல்லை. "தம்பி ஜேர்மனியிலை." சத்தம் இல்லை. "அக்கா இணுவிலிலை கலியாணம் முடிச்சவ, மனுசன் தவில் அடிக்கிறவர்." புதுசாகச் சொந்தம் கண்டுபிடிக்க அலுப்புப்பட்டு, கைக்குக் கிட்ட இருந்ததையே எடுத்து எடுத்துக் கொடுத்தேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் இருந்து பதில் வந்தது: "அது தேவையில்லை அக்கா, சட்டத்திலை கேக்கச் சொல்லேல்லை."

மிசின் தேடிய படலம்

அதற்குப் பிறகு எனக்குக் கொண்டாட்டம். தவராசா அண்ணை விடியமுதல் உடுப்பிட்டித் தோட்டங்களில் ஒவ்வொரு கிணற்றடியாய் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் களைப்போடு வகுப்புக்கு வருவார். சைக்கிளை மதிலில் சாத்தமுதலே நான் போய், "என்னண்ணை, துப்பு ஏதும் கிடைச்சுதோ?" என்று கேட்பேன். முகத்தை எப்படி வைத்திருந்தேன் என்று கேளாதீர்கள். வீட்டுக்குப் போய்த் தலையணைக்குள் முகத்தை வைத்துச் சிரிப்பேன்.

மாஸ்ரர் ஒரு செய்தி சொல்லியிருந்தார். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பெரியவர் ஒருவர் வரப்போகிறார். காசு இன்னும் முழுக்க ஒதுக்கவில்லை, அதனால் முதல் தொகுதிக்கு வகுப்புக்கு ஒருவர்தான். அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டும் என்றுதான் தவராசா அண்ணை மிசினைத் தேடினார். ஒருநாள் முழங்கை உரஞ்சி, வேட்டி கிழிந்து வந்தார். ஒரு கிணற்றடியில் குனிந்து மிசினின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தோட்டக்காரர் மண்வெட்டியோடு துரத்தினாராம். காயத்தைக் கழுவிக்கொண்டே யோசித்து யோசித்துச் சொன்னார்: "கள்ளனைப் பிடிக்கப் போனவனைக் கள்ளன் எண்டு துரத்துகினம் தம்பி. யூனிபோம் இல்லாட்டில் ரெண்டும் ஒரு மாதிரித்தான் தெரியும்போலை."

ஊர் வெங்காயம்

பொன்னம்மா அதற்குப் பிறகும் வந்தா. வந்தபோதெல்லாம் தவராசா அண்ணை பேசாமல் இருந்தார், பேசாமல் இருந்தபோதெல்லாம் பொன்னம்மா இன்னொரு சொந்தத்தைச் சொன்னா. பெரியண்ணைக்கு ஒரு கண் கொஞ்சம் சாய்வு என்பதுகூட வெளியே வந்துவிட்டது.

பெரியவர் வருவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னர் தவராசா அண்ணை களைப்பில்லாமல் வந்தார். வேட்டியில் தூசி இல்லை. தேடி அலுத்துவிட்டார் என்று நினைத்தேன். என் கையில் ஒரு பிடி சின்ன வெங்காயத்தைத் தந்து, "ஊர் வெங்காயம், அம்மாட்டைக் குடும்" என்றார். பாவம், நல்ல மனுசன் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வெங்காயத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தா. வெங்காயத்துக்கு ஏன் சிரிப்பு என்று நான் யோசிக்கவில்லை. அம்மாவும் ஒன்றுதான் கேட்டா: "உந்தத் தவராசா நல்ல பெடியன்போலை. ஆற்றை ஆள் எண்டு கேட்டனியோ?"

பெரியவர் கூப்பிடுகிறார்

இனி நீங்கள் வாங்கிலிருந்து எழும்பி உள்ளே வரலாம்.

பெரியவர் ஒரு குடையோடு வந்து மேசைக்குப் பக்கத்தில் இருந்தார். முதலில் யோகன். பெரியவர் தானே முறைப்பாட்டுக்காரனாகி, "என்ரை குடையைக் காணேல்லை" என்றார். யோகன் பெயரை எழுதினான், முகவரியை எழுதினான். பேனையைக் கடித்தான். மாஸ்ரரைப் பார்த்தான். பிறகு மெல்லமாய், "ஐயா... எவடம்?" என்றான். மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்தது தவராசா அண்ணை. பொன்னம்மாவை அன்றைக்குக் கட்டாயம் வரச்சொல்லு என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். நானும் மறைப்புக்குப் பின்னால் தயார். பாதி முறைப்பாட்டில் மாஸ்ரரின் குரலுக்கு மாறி, பெரியவருக்கு முன்னால் எல்லாரையும் சிரிப்பில் உருட்டிவிடுவது என் திட்டம்.

"ஐயா, என்னட்டை உண்மையான முறைப்பாடு ஒண்டு இருக்கு. ஆள் மறைப்புக்குப் பின்னாலை" என்றார் தவராசா அண்ணை.

"ஓம் ஐயா, என்ரை நீல மிசினைக் கோதாரி விழுவார் கொண்டு போட்டினம்" என்று நான் தொடங்கினேன்.

"விசாரிச்சனீரோ?" என்று பெரியவர் அவரைக் கேட்டார்.

"ஓம் ஐயா. மிசின் களவு போகேல்லை. உடுப்பிட்டியிலை நிண்ட இடத்திலையே நிக்குது, சாரத்துண்டும் அப்பிடியே இருக்கு. சங்கக்கடை மனேச்சரின்ரை வெங்காயத் தோட்டம். நேற்றும் இறைச்சவை."

மறைப்புக்குப் பின்னால் நான் குந்தியபடியே வேலிப் பொட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தேன்.

"அப்ப முறைப்பாட்டுக்காரி?"

"மனேச்சருக்கு மூண்டு சகோதரம் ஐயா. ஒருத்தர் ஜேர்மனியிலை. ஒருவ இணுவிலிலை. மற்றவ கொக்குவிலிலை முடிச்சவ."

பெரியவர் கதிரையில் நிமிர்ந்தார். "உறவு விசாரிக்கக்கூடாது எண்டு சட்டமூலத்திலை இருக்கு. நீர் விசாரிச்சிருக்கிறீர்."

"இல்லை ஐயா, ஒரு கேள்வியும் கேக்கேல்லை. கேக்காமல் இருந்தா எங்கடை சனம் தானாய்ச் சொல்லிப்போடும்."

சாமுவேல் மாஸ்ரர் சிரிக்கும் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். என்னால் செய்ய முடியாத ஒரு சத்தம். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "சட்டம் நேரத்துக்கு வந்தாலும் சரி, பிந்தி வந்தாலும் சரி, இந்த வகுப்பிலை நான் கொண்டுபோற பேர் இதுதான்" என்றார். எனக்கு அதுவும் சரியாக ஏறவில்லை. ஜேர்மனியைக் கழித்து, இணுவிலைக் கழித்து, கொக்குவிலில் மிஞ்சுகிற ஆள் ஆர் என்று குந்தியபடியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது, தவராசா அண்ணை கூட்டிவந்து மறைப்புக்கு முன்னால் நிறுத்தியிருந்த பொன்னம்மா கதைத்தா. அதே குரல், கரகரப்பு மட்டும் இல்லை. "கோதாரி, ஓம் ஐயா, பொன்னம்மா நான்தான், பேர் மட்டும் பரமேஸ்வரி. மிசின் பத்திரமாய் இருக்கு, பெத்த தாயின்ரை குரலைக் களவெடுத்தவனை வெளியிலை வரச் சொல்லுங்கோ!"

உங்களை வாங்கில் இருத்திவைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, வெங்காயம் கொண்டுபோன நாளிலிருந்து வாங்கில் இருத்திவைக்கப்பட்டிருந்தவன் நான்தான்.